வாசகர் கேள்வி – பதில்: பெடல் இறங்குகிறது, எண்ணெய் எங்கே போகிறது?

கேள்வி: எங்களிடம் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பொக்லைன் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வலப் பிரேக் பெடலை மட்டும் மிதித்துப் பிடித்தால் அது மெதுவாக அடிவரை இறங்கிவிடுகிறது. இடப் பெடலை மட்டும் மிதித்தால் கல்லைப் போல நிற்கிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் இரண்டுமே இறங்குகின்றன. பிரேக் ஆயில் டப்பாவில் வாரம் ஒரு முறை ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் வெளியே எங்கும் கசிவைக் காணோம். பிரேக் பிளேட் (சக்கரத்தைப் பிடிக்கும் உராய்வுத் தட்டு) தேய்ந்துவிட்டது, இரு பக்கமும் மாற்றியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரிதானா?

பதில்: பிளேட்டும் தேய்ந்திருக்கக்கூடும். ஆனால் நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. பிளேட் தேய்ந்த இயந்திரத்தில் பெடல் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கீழே போகும். போன இடத்தில் உறுதியாக நின்றுவிடும். காலை எடுக்காமல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கும்போது காலுக்கடியில் பெடல் நழுவிக்கொண்டே போகிறதென்றால், அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் எங்கோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். பிளேட்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் அந்த வழி எது என்று பார்த்துவிடுங்கள்.

இந்த இயந்திரத்துக்கு இரண்டு பிரேக் பெடல் வந்து சேர்ந்தது டிராக்டரிலிருந்து. முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட இதன் சரியான பெயர் பேக்ஹோ லோடர். ஜேசிபி நிறுவனம் 1953-இல் செய்த முதல் பேக்ஹோ லோடர், ஃபோர்டுசன் மேஜர் டிராக்டரின் மேல்தான் கட்டப்பட்டது. (நாம் வாய்நிறையச் சொல்லும் ‘பொக்லைன்’ என்பது வேறொரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர், ஒட்டிக்கொண்ட பெயரை இனி யார் மாற்றுவது?) இறுக்கமான இடத்தில் சட்டென்று திரும்புவதற்காக, உட்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்த ஒரு பக்கத்துக்கு ஒரு பெடல்; ஒவ்வொரு பெடலுக்கும், மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர். சாலையில் ஓடும்போது இரண்டு பெடல்களையும் தாழ் போட்டு ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் வேகமாக ஓட்டும்போது தவறி ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் சுழன்று கவிழவும் கூடும்.

இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போது இரு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் போக வேண்டும் என்பதற்காக, பல இயந்திரங்களில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களையும் ஒரு சமன் குழாய் இணைக்கிறது. ஒரு பெடலை மட்டும் மிதித்தால் மறு சிலிண்டரின் வால்வு மூடியே இருக்கும். இரண்டும் மிதிபடும்போதுதான் இரு வால்வுகளும் திறந்து எண்ணெய் இரு பக்கமும் சமமாகும். உங்கள் இடப் பெடல் தனியே நிற்பதும், சேர்த்து மிதித்தால் அதுவும் கூடவே இறங்குவதும் இதனால்தான். வலப் பக்கத்து ஓட்டை, சமன் குழாய் வழியாக இடப் பக்கத்து எண்ணெயையும் இழுத்துக்கொள்கிறது. இடப் பக்கத்தில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வலப் பக்கத்தில் எண்ணெய் மூன்று இடங்களுக்குப் போகலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்திருந்தால், எண்ணெய் அதைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்கே போய்விடும். அப்போது பெடல் இறங்கும், டப்பாவில் அளவு குறையாது. உங்களுக்கு அளவு குறைகிறது என்பதால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அடுத்தது, அதே சிலிண்டரின் பின்வாய். பெடலின் தள்ளுகம்பி உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்து தூசியாக இருந்தால் நல்லது. ஈரமாக இருந்தாலோ, ஒரு துளி வழிந்தாலோ குற்றவாளி அங்கேயே அகப்பட்டான். கேபினின் தரைவிரிப்புக்கடியில் மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும் கசிவை வெளியே நின்று பார்ப்பவர் எப்படிக் காண முடியும்?

அதுவும் காய்ந்திருந்தால் மீதமிருப்பது மூன்றாவது இடம், அதாவது பின் ஆக்ஸிலின் உட்புறம். பெரும்பாலான பேக்ஹோ லோடர்களில் பிரேக் பிளேட்டுகள் பின் ஆக்ஸிலுக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அவற்றை நெருக்கும் பிஸ்டனின் சீல் விட்டுவிட்டால், பிரேக் ஆயில் முழுவதும் ஆக்ஸில் ஆயிலோடு கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, ஆக்ஸிலின் அளவு பார்க்கும் பிளக்கைத் திறந்து பாருங்கள். சரியான அளவில் எண்ணெய் துளையின் விளிம்பைத் தொட்டு நிற்கும். திறந்தவுடன் தாரையாகக் கொட்டினாலோ, ஆக்ஸிலின் மேலுள்ள காற்றுத்துளையைச் சுற்றி எண்ணெய் கக்கிய தடம் இருந்தாலோ, நீங்கள் வாராவாரம் ஊற்றியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் ஐயம் இருந்தால், வலப் பக்க மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதே மரை கொண்ட எஃகுப் பிளக்கால் அந்த வாயை இறுக்கி மூடிவிட்டு, வலப் பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள். பெடல் கெட்டியாக நின்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஆக்ஸில் பக்கம். அப்போதும் இறங்கினால் ஆக்ஸிலைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆக்ஸிலைப் பிரித்து, புதுப் பிளேட் போட்டு, எல்லாம் பூட்டி முடித்தபின் பெடல் பழையபடியே இறங்குவதைப் பார்த்து விழித்தவர்களை நான் அறிவேன்.

பிஸ்டன் சீல்தான் என்று உறுதியானால், எப்படியும் ஆக்ஸிலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த கையோடு பிளேட்டை அளந்து பார்ப்பதும், தேவையானால் மாற்றுவதும் முறையே. அந்த வகையில் உங்கள் மெக்கானிக் சரியான ஊருக்குத் தவறான வழியில் வந்து சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்தபோது கடையில் கிடைத்த கார் பிரேக் ஆயிலை ஓட்டுநர் ஊற்றிவிட்டார். அதனால் கெடுதல் உண்டா?

பதில்: உங்கள் இயந்திரம் எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. பேக்ஹோ லோடர்களில் இரண்டு வகை உண்டு. சில இயந்திரங்கள் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை கிளைக்கால் திரவத்தைப் பயன்படுத்துகின்றன. வேறு சில, ஹைட்ராலிக் ஆயிலை ஒத்த மினரல் எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. இவ்விரண்டும் கலக்கவே கூடாது. ஒன்றுக்காகச் செய்த ரப்பர், மற்றதில் ஊறினால் உப்பி, இளகி, வடிவம் கெட்டுவிடும். பழைய இயந்திரங்களில் நான் கண்ட பிரேக் கோளாறுகளில், தேய்மானத்தால் வந்தவற்றைவிட இப்படித் தவறான ஆயிலால் வந்தவையே கூடுதல் எரிச்சலூட்டியவை. ஏனென்றால் அவை முற்றிலும் தவிர்க்கக்கூடியவை.

டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ எந்த வகை என்று எழுதியிருக்கும். மூடி மாறிப்போய், கையேடும் இல்லாத நிலையில், உள்ளே இப்போது இருப்பது எது என்றாவது அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து நாலைந்து துளிகளை அதில் விட்டு, ஒரு குச்சியால் கலக்குங்கள். கிளைக்கால் திரவம் தண்ணீரோடு கரைந்து காணாமல் போகும். மினரல் எண்ணெய் எவ்வளவு கலக்கினாலும் மறுபடி மேலே வந்து, கண்ணாடியின் ஓரத்தில் மினுமினுக்கும் படலமாக ஒட்டிக்கொள்ளும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்; சாயம் யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு பாதி கரைந்து மறுபாதி மிதந்தால், கலப்படம் ஏற்கெனவே நடந்துவிட்டது.

தவறான ஆயில் ஊற்றியதை உடனே கண்டுபிடித்தால் பெடலை ஒரு முறைகூட மிதிக்காமல் டப்பாவைக் காலி செய்து துடையுங்கள். மிதிக்காத வரை அது பெரும்பாலும் டப்பாவிலேயே இருக்கும். மிதித்து ஓட்டியாகிவிட்டது என்றால் குழாய்களை முழுவதும் கழுவி, மாஸ்டர் சிலிண்டரின் கப்புகள், ஹோஸ், பிஸ்டன் சீல் என்று அந்தத் திரவம் தொட்ட ரப்பர் அனைத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்றைக்கு நன்றாகத்தானே பிடிக்கிறது என்று விட்டுவைத்தால், உப்பிய கப் திரும்பி வராமல் பிரேக் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு சூடேறும். பின்னர் ஒருநாள் கிழிந்து பெடலே இல்லாமல் போகும்.

கேள்வி: ஆக்ஸிலை நாங்களே பிரித்துப் பிளேட் மாற்ற எண்ணியிருக்கிறோம். ஹேண்ட் பிரேக் நன்றாக இருக்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஹேண்ட் பிரேக்கை நம்புவதை நிறுத்துங்கள். பல பேக்ஹோ லோடர்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டைப் பிடித்தாலும், ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியவுடன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) வழியாக அந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே மறு சக்கரத்தை உருளவிடும். ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்டைக் கழற்றினாலும் இதே கதைதான். தொழில் கற்ற நாட்களில், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து வைத்துவிட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கியபோது, ஏழெட்டு டன் இயந்திரம் ஓசையே இல்லாமல் ஓர் அடி நகர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அடிபடவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் அல்ல. முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கனமான கட்டை வையுங்கள். முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி இறக்குங்கள்.

பின்புறத்தைத் தூக்க, தோண்டும்போது தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால்களைப் பயன்படுத்தலாம். ஆனால் தூக்கிய பின் சேசிஸுக்கு அடியில் அந்த எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளை வைத்து, எடையை அவற்றின் மேல் இறக்கிய பிறகே அடியில் கை வைக்க வேண்டும். ஹைட்ராலிக் சிலிண்டர் தாங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கீழ் யாரும் போகக் கூடாது. பழைய சிலிண்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் நீட்டி வைத்த பூம் (தோண்டும் கை) மாலையில் தாழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பிளேட் தொகுதி எங்கே இருக்கிறது என்பது ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் மாறும். சிலவற்றில் டிஃபரன்ஷியலை ஒட்டி நடுவில் இருக்கும், அதற்குப் பக்கவாட்டு ஹவுசிங்கையே கழற்ற வேண்டும். சிலவற்றில் சக்கரத்தை ஒட்டி வெளிப்புறம் இருக்கும். எந்த வகையானாலும், ஆயிலை வடிக்கும்போது அவசரப்படாமல் அதைப் பாருங்கள். வடிபிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல்நிறக் கூழ் பழைய ஆக்ஸிலில் இயல்பானது. கைக்கு நெருடும் துகளோ, பிளேட்டின் உராய்வுப்பூச்சு செதில் செதிலாக வந்திருப்பதோ இயல்பல்ல. ஆயில் கருகிய வாடை அடித்தால், யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறார்கள்.

உள்ளே இரண்டு வகைப் பிளேட்டுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும்: உராய்வுப்பூச்சு கொண்டவை சக்கரத்தோடு சுழல்பவை, வெறும் எஃகுப் பிளேட்டுகள் ஹவுசிங்கில் நிலையாக நிற்பவை. பூச்சுள்ள பிளேட்டில் ஆயில் ஓடுவதற்காக வெட்டிய காடிகள் இருக்கும். காடியின் ஆழத்தைப் பாருங்கள். காடி மழுங்கி மறைந்துகொண்டிருந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. கையேட்டின் குறைந்தபட்சத் தடிமன் அளவை மைக்ரோமீட்டரால் ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் உறுதி. எஃகுப் பிளேட்டில் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் வெந்தது. தட்டையாக இருக்கிறதா என்று அறிய, தடித்த கண்ணாடியின் மேல் வைத்து ஓரங்களில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். வளைந்த எஃகுப் பிளேட்டோடு புதுப் பூச்சுப் பிளேட்டைச் சேர்த்துப் பூட்டுவது, பிரேக்கை விட்ட பிறகும் அது உராய்ந்துகொண்டே இருப்பதற்கு வழி செய்வதாகும்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சுவது வழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. திடீரென்று தெறித்து வரும் பிஸ்டன் விரலை நசுக்கிவிடும். பிரேக் குழாயைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு பெடலை மெல்ல மிதித்தால், அதே ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் அமைதியாக வெளியே வரும். பிஸ்டன் ஓடும் சுவரில் துருக்குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவு குழி இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் அது நிற்காது. புதுச் சீலுக்குத் தடவ வேண்டியது கிரீஸ் அல்ல, அந்த பிரேக்குக்குரிய ஆயில்தான். புதுப் பூச்சுப் பிளேட்டுகளைப் பூட்டும் முன் ஆக்ஸிலில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஓர் இரவு முழுவதும் ஊறப்போடுங்கள்; உலர்ந்தபடியே பூட்டினால் முதல் சில மிதிகளிலேயே பூச்சு கருகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு பக்கமும் மாற்றுங்கள், இல்லையென்றால் பிடிப்பு ஒரு பக்கமாக இழுக்கும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

கேள்வி: பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் மிதிக்கும்போதெல்லாம் பின்புறமிருந்து மாடு கத்துவது போல ஓர் ஓசை வருகிறது. பிளேட் தேய்ந்துவிட்டதா?

பதில்: அண்மையில் ஆக்ஸில் ஆயிலை மாற்றினீர்களா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கு, உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த தனி ஆயில் வேண்டும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் வழுக்கியும் ஒட்டியும் மாறி மாறி அதிர்ந்து இப்படித்தான் கத்தும். வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றுங்கள். பழையது கொஞ்சம் உள்ளே தங்கிவிடும் என்பதால், சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: எங்களுடையது இன்னும் பழைய இயந்திரம், டிரம்முக்குள் உலர்ந்த லைனிங் உள்ள வகை. ஆக்ஸில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் நனைந்துவிட்டது. பெட்ரோலில் கழுவி, சுட்டு எடுத்தால் மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். லைனிங் நுண்துளைகள் கொண்டது. எண்ணெய் அதன் உடலுக்குள் இறங்கிவிடும். கழுவிச் சுட்டால் மேற்பரப்பு மட்டும் காயும். அடுத்த முறை பிரேக் சூடாகும்போது உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசிந்து வரும். சீலை மாற்றி, டிரம்மைச் சுத்தமாகத் துடைத்து, இரு பக்கமும் புது லைனிங் போடுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து லைனிங் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்தவுடன் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டருக்குப் புது கப் போட்டுப் பலமுறை ஏர் எடுத்தும் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் பஞ்சு போலவே இருக்கிறது. என்ன தவறு செய்கிறோம்?

பதில்: பெரும்பாலும் சமன் குழாயை மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு பெடலாக மிதித்து அந்தந்தப் பக்கத்து நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து ஏர் எடுத்தால், அந்தந்தக் குழாயில் உள்ள காற்று மட்டுமே வெளியேறும். முதல் பதிலில் சொன்னபடி, இரு பெடலும் சேர்ந்து மிதிபட்டால்தான் சமன் குழாயில் ஓட்டம் உண்டாகும். ஆகவே தனித்தனியாக எடுத்து முடித்த பிறகு, இரண்டையும் சேர்த்து மிதிக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கத்து நிப்பிளையும் திறந்து எடுங்கள். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நிப்பிளில் தெளிந்த குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கடியுங்கள். பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை மூட வேண்டும். மூடிய பின்பே காலை எடுக்க வேண்டும்.

பழைய கப்பை மாற்றாமல் ஏர் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது முழுதாக அடிவரை போகாமல் தடுத்துக்கொள்ளுங்கள். அன்றாட ஓட்டத்தில் கப் சிலிண்டரின் முன்பகுதியில் மட்டுமே நகர்கிறது. அதற்கப்பால் இருக்கும் பகுதியில் ஆண்டுக்கணக்கில் துரு படிந்திருக்கும். அடிவரை மிதித்தால் கப்பின் உதடு அந்தத் துருவில் உரசிக் கிழிந்துவிடும். ‘ஏர் எடுக்கும் வரை நன்றாக இருந்தது, எடுத்த பிறகு பெடல் போய்விட்டது’ என்ற புலம்பல் பலவற்றுக்கு இதுதான் காரணம். தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே கையேடு சொல்லும் சிறு தளர்வு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லையென்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருந்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

முடித்த பின், திறந்த சமதளத்தில், பக்கெட்டைத் தரைக்கு ஓரடி உயரத்தில் வைத்து, நடைவேகத்தில் ஒவ்வொரு பெடலையும் தனியாக மிதித்துப் பாருங்கள். பிறகு தாழ் போட்டு இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். பிரேக் ஏமாற்றினால் பக்கெட்டைத் தரையில் இறக்கி நிறுத்திவிடலாம் என்பதால்தான் அந்த உயரம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இரு பக்கத்து ஆக்ஸிலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் விடவில்லை. அங்கே போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் இன்றைய அளவைக் கோடு போட்டுக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து அந்தக் கோட்டோடு ஒப்பிட்டு, ஆக்ஸிலின் அளவுப் பிளக்கையும் மறுபடி ஒரு முறை திறந்து பாருங்கள்.